பூச்சுக்கு முன் பைப்: வீடு முழுக்க நெட்வொர்க் கேபிள் போடுவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் 1,800 சதுர அடியில் மாடி வீடு கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். கீழ்த்தளத்துக்குக் காங்கிரீட் போட்டாயிற்று, மேல்மாடிச் சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது, பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை. ரூமுக்கு ஒரு கேட்-6 கேபிள் போதுமா, கேட்-7 வாங்கணுமா என்பது உங்கள் முதல் கேள்வி. எலக்ட்ரீசியன் "கரண்டு பைப்புலயே இழுத்துரலாம், ஒண்ணும் செய்யாது" என்கிறார், அதைக் கேட்கலாமா என்பது இரண்டாவது. மெஷ் வைஃபை (அங்கங்கே வைக்கும் பெட்டிகள் கேபிள் இல்லாமலே தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வைஃபை) வாங்கினால் இந்தப் பாடே வேண்டாமே என்று தம்பி சொல்வது மூன்றாவது. கடைசியில், அதே காம்பவுண்டுக்குள் 40 மீட்டர் தள்ளி அம்மா இருக்கும் பழைய ஓட்டு வீட்டுக்கும் லைன் வேண்டும் என்று ஒரு வரி. நான்கையும் சேர்த்துப் படித்தால் நீங்கள் கேட்க வருவது இதுதான்: பூச்சு முடிந்த பிறகு திருத்த முடியாதது எது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடியது எது?

திருத்த முடியாதது பைப்பும், அது போகும் வழியும், அது முடியும் பெட்டியும். கேபிள் வாங்குவதில் தவறு நேர்ந்தால் பத்து வருடம் கழித்தும் சரிசெய்யலாம்; பழைய கேபிளின் வாலில் புதியதைக் கட்டி இழுத்தால் வந்துவிடும். நெட்வொர்க் ஸ்விட்ச் (எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டி), ரூட்டர் எல்லாம் எப்படியும் சில வருடங்களில் மாறும். ஆனால் பைப் போடாத சுவரை, டைல்ஸ் ஒட்டிப் பெயிண்ட் அடித்த பிறகு மறுபடி வெட்ட யாருக்கும் மனசு வராது. எனவே இப்போது கையில் இருக்கும் பணத்தையும் கவனத்தையும் முதலில் பைப்பில் போடுங்கள். கேபிளையே கூட ஆறு மாதம் கழித்து வாங்கலாம்.

கேபிள் ரகத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். "கேட்" என்பது நெட்வொர்க் கேபிளின் தர வகை. கேட்-5இ கேபிளிலேயே 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகம் போகும். கேட்-6 அதே தூரத்துக்கு ஒரு கிகாபிட்டும், ஏறக்குறைய 37 முதல் 55 மீட்டர் வரை 10 கிகாபிட்டும் தாங்கும். கேட்-6ஏ என்றால் 10 கிகாபிட் 100 மீட்டர் முழுக்கப் போகும், ஆனால் கேபிள் தடிமன், வளைக்கக் கஷ்டம், பைப்பும் பெரிதாக வேண்டும். உங்கள் வீட்டில் எந்த லைனும் 30 மீட்டரைத் தாண்டாது. ஆகவே கேட்-6 போதும், அதிலும் ஷீல்டு (கம்பிகளைச் சுற்றிய உலோக உறை) இல்லாத யு.டி.பி. ரகம் போதும். கேட்-7 வேண்டாம். வீட்டில் நாம் மாட்டும் சாதாரண ஆர்.ஜே.45 நெட்வொர்க் சாக்கெட்டில் போய் முடியும்போது அதற்கென்று தனி லாபம் எதுவும் கிடைக்காது. அதன் ஷீல்டை ஒழுங்காக எர்த் செய்யாவிட்டால் அது இருந்தும் பயனில்லை.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. "கேட்-6" என்று அச்சடித்த பெட்டிக்குள் செம்பு பூசிய அலுமினியக் கம்பி வருவது சர்வசாதாரணம். கடைக்காரருக்கே தெரியாமல் போவதும் உண்டு. அலுமினியம் செம்பைவிட மின்தடை கூடியது, நாலு தடவை வளைத்தால் ஒடியும், கேமராவுக்கு இதே கேபிளில் கரண்டு அனுப்பும்போது சூடாகும். பெட்டி மேல் "முழுச் செம்பு" என்று எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கம்பியை எடுத்துப் பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். எடையும் சொல்லும். 23 ஏ.டபிள்யூ.ஜி. (கம்பித் தடிமனைச் சொல்லும் எண்) தடிமனில் 305 மீட்டர் கேபிளுக்குள் இருக்கும் செம்பு மட்டுமே ஐந்தரைக் கிலோவுக்கு மேல் வரும், மேலே பிளாஸ்டிக் வேறு. மொத்தப் பெட்டியே ஏழு கிலோ என்றால் திருப்பிக் கொடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்னொரு சோதனை: பெட்டியைப் பிரித்து இரண்டு முனையையும் வெளியே எடுங்கள். ஒரு முனையில் நீல ஜோடியின் இரு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு, மறுமுனையில் அதே இரண்டுக்கும் இடையே மின்தடையை அளங்கள். போய் வரும் தூரம் 610 மீட்டர். தர அளவுப்படி 100 மீட்டருக்கு ஒரு கம்பியில் 9.38 ஓம்தான் உச்சம், அப்படியென்றால் சுமார் 57 ஓம். நம்மூர் வெக்கைக்கு இரண்டு மூன்று கூடலாம். நல்ல 23 ஏ.டபிள்யூ.ஜி. செம்பு என்றால் 41, 42 அளவில் காட்டும். 60-ஐத் தாண்டினால் அந்தக் கேபிள் வேண்டாம்.

எலக்ட்ரீசியன் சொன்னதற்கு வருகிறேன். கரண்டு பைப்பிலேயே நெட்வொர்க் கேபிளை விடக்கூடாது என்பது உறுதி. இரைச்சல் வரும், வேகம் குறையும் என்று பலரும் காரணம் சொல்வார்கள். நான் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். கேபிளுக்குள் ஜோடி ஜோடியாகக் கம்பியை முறுக்கியிருப்பதே இரைச்சலைக் கழிப்பதற்குத்தான், பத்துப் பதினைந்து மீட்டர் ஓட்டத்தில் அது பெரும்பாலும் தன் வேலையைச் செய்துவிடும். முதல் காரணம் உயிர். நெட்வொர்க் கேபிளின் தோல் 230 வோல்ட் லைனோடு உரசிக் கிடப்பதற்காகச் செய்ததல்ல. பைப்புக்குள் ஒயர் இழுக்கும்போது உராய்ந்து எங்காவது ஒரு இடத்தில் தோல் போனால், லேப்டாப்பின் உடம்பிலோ கேமராவின் உடம்பிலோ கரண்டு வந்து நிற்கும். ஆகவே தனிப் பைப், தனிப் பெட்டி. இரண்டும் இணையாகப் போகும் இடத்தில் ஒரு அடி இடைவெளி கிடைத்தால் நல்லது, இடமில்லாத இடத்தில் 5 சென்டிமீட்டருக்குக் கீழே போக வேண்டாம். குறுக்கே கடக்க வேண்டுமென்றால் நேர் குறுக்காகக் கடக்கட்டும்.

அடுத்தது எல்லா லைனும் வந்து கூடும் இடம். ஒவ்வொரு பாயிண்டும் தனித்தனியாக அந்த ஒரே இடத்துக்கு வர வேண்டும். ஒரு ரூமிலிருந்து அடுத்த ரூமுக்குத் தொடர்ச்சியாகக் கரண்டு லைன் போல இழுத்துப் போகக்கூடாது. மாடிப்படிக்கு அடியில் வைத்துவிடலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். காற்றோட்டம் இருந்தால் சரி, ஆனால் பாத்ரூம் சுவரோடு ஒட்டியிருந்தால் மழைக்காலத்தில் ஈரம் இறங்கும். வர்க் ஏரியாவும் அடுக்களையும் வேண்டவே வேண்டாம், எண்ணெய்ப் புகை ஸ்விட்ச்சின் துளைகளை அடைத்துவிடும். கீழ்த்தளத்தில், மேலே போகும் பைப்புகளுக்கு நேர் வழி கிடைக்கும் உள்சுவர் ஒன்றில் ஸ்விட்ச், ரூட்டர் வைக்கும் 6யு அளவு (யு என்பது ரேக்கின் உயர அளவு) சுவர் ரேக் மாட்ட இடம் ஒதுக்குங்கள். அந்த இடத்தில் இன்வெர்ட்டர் லைனில் மூன்று பிளக் பாயிண்ட் இருக்கட்டும். சிட்அவுட் சன்ஷேடுக்கு அடியிலிருந்து இங்கே வரை, வெளியிலிருந்து வரும் ஃபைபருக்கென்று 25 மி.மீ. பைப் இரண்டு தனியாக வையுங்கள். ஒன்று இன்றைய இணைப்புக்கு, மற்றது வேறு நிறுவனத்துக்கு மாற நினைக்கும் நாளுக்கு. பைப்பின் வெளிமுனை கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஜூன் மாதச் சாரல் அதன் வழியாக ரேக்குக்கே வந்து சேரும். போஸ்ட்டிலிருந்து ஃபைபர் தென்னை மரங்களுக்கு ஊடே தொங்கி வரும் வீடுகளில் மட்டை விழுந்து அறுவதுதான் அடிக்கடி நடப்பது. காம்பவுண்டுச் சுவர் தொடங்கி வீடு வரை மண்ணுக்கடியில் ஒரு பைப் போட்டுவைத்தால் அந்தத் தொல்லையில் பாதி குறையும்.

எத்தனை பாயிண்ட்? உங்கள் வீட்டுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன், பிளானைப் பார்த்து நீங்கள் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கீழ் ஹாலில் டிவிக்குப் பின்னால் 2, கீழே படிப்பு மேஜை வரும் பெட்ரூமில் 2, மேலே இரண்டு பெட்ரூமிலும் இரண்டிரண்டாக 4, மேல் ஹாலில் 2, வைஃபை ஆக்சஸ் பாயிண்டுக்கு (வைஃபையைப் பரப்பும் பெட்டி) தளத்துக்கு ஒன்றாக 2, கேமராவுக்கு 4. மொத்தம் 16. ஒரு பெட்டியில் இரண்டு கேபிள் விடச் சொல்வதற்குக் காரணம், டிவி பக்கத்தில் செட்டாப் பாக்ஸும் வந்துவிடும், மேஜையில் கம்ப்யூட்டரோடு பிரிண்டரும் வந்துவிடும். பைப்பும் வெட்டும் வேலையும் ஒன்றேதான், கேபிள் மட்டும்தான் கூடுதல். சராசரியாக ஒரு ஓட்டம் 14 மீட்டர் என்றால் 16-க்கு 224 மீட்டர். ரேக் பக்கம் இரண்டு மீட்டரும் பெட்டிப் பக்கம் ஒரு முழமும் விட்டால் ஓட்டத்துக்கு இரண்டரை மீட்டர், அது ஒரு 40. ஆக 264 மீட்டர், 305 மீட்டர் பெட்டி ஒன்றுக்குள் அடங்கும். இந்த 14 மீட்டர் என் கணிப்பு. மேல்மாடி ஓட்டங்களை நூல் வைத்து அளந்து பார்த்துவிட்டுப் பெட்டி வாங்குங்கள், கடைசி ரூமுக்கு மூன்று மீட்டர் குறைந்தால் நடுவில் ஒட்டுப் போடும் வேலைக்குப் போகக்கூடாது.

பைப் வேலையில்தான் நீங்கள் நேரில் நிற்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள மீடியம் அல்லது ஹெவி பைப்பாக வாங்குங்கள், மெல்லிசான பைப் காங்கிரீட் போடும்போது மிதிபட்டு நசுங்கிவிடும். 25 மி.மீ. பைப்பின் உள்விட்டம் சுமார் 21 மி.மீ.; குறுக்குப் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் இருந்தால்தான் கேபிள் வழுக்கிப் போகும், அப்படிப் பார்த்தால் 6 மி.மீ. தடிமன் கேட்-6 கேபிள் நாலைந்து போகும். வளைவுகள் இருப்பதால் மூன்றோடு நிறுத்துங்கள். 20 மி.மீ. பைப்பில் இரண்டு. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குள் இரண்டு வளைவுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது வளைவு வந்தே தீரும் என்றால் நடுவில் மூடி போட்ட ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றை வைத்துவிடுங்கள். கடையில் கிடைக்கும் குறுகிய எல்போவை நெட்வொர்க் பைப்பில் போடவே விடாதீர்கள். கேபிளின் வளைவு ஆரம் அதன் தடிமனைப் போல நாலு மடங்காவது, அதாவது இரண்டரை சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். எல்போவில் இது கிடைக்காது, இழுக்கும்போது கேபிள் அந்த முனையில் மடிந்துவிடும். ஸ்பிரிங் உள்ளே விட்டுக் கையால் வளைத்த பைப், அல்லது நீண்ட பெண்டு போடச் சொல்லுங்கள்.

சுவர் வெட்டும்போது ஒரு விதி: மேலிருந்து கீழாக வெட்டுவது சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்குள், பக்கவாட்டில் வெட்டுவது ஆறில் ஒரு பங்குக்குள். ஒன்பது அங்குலச் சுவரில் பக்கவாட்டு வெட்டு 38 மி.மீ. வரை போகலாம், 25 மி.மீ. பைப் அடங்கிவிடும். நாலரை அங்குலச் சுவரில் அது 19 மி.மீ. மட்டுமே. அதனால் அந்தச் சுவர்களில் நேர்குத்தாக மட்டும் வெட்டி, பக்கவாட்டு ஓட்டத்தைத் தரைக்கோ மேல் காங்கிரீட்டுக்கோ கொண்டுபோங்கள். ஹாலோ பிளாக் சுவரிலும் அப்படித்தான். தூணையும் பீமையும் கட்டர் தொடவே கூடாது. பெட்டி 50 மி.மீ. ஆழம் உள்ளதாக இருக்கட்டும். சாக்கெட்டுக்குப் பின்னால் கேபிள் வளைந்து நிற்க அந்த இடம் தேவை. கடலோரக் காற்று எட்டும் ஊர்களில் இரும்புப் பெட்டி துருப்பிடித்துத் திருகாணி கழலாமல் போகும், எனவே பி.வி.சி. பெட்டி நல்லது. பூசும் முன் எல்லாப் பைப் முனையையும் காகிதம் உருட்டித் திணித்து டேப் சுற்றுங்கள். சிமெண்டுப் பால் ஒரு கைப்பிடி உள்ளே இறங்கி வளைவில் உறைந்தால் அந்தப் பைப் அதோடு முடிந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு நைலான் நூலையும் இப்போதே விட்டுவையுங்கள்.

உங்களுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கிறது, மேல்மாடிக் காங்கிரீட். கம்பி கட்டி முடித்த அன்று, காங்கிரீட் போடுவதற்கு முன், மேல் ஹாலின் நடு உச்சிக்கு ஒரு பெட்டியும் அதற்கு ரேக்கிலிருந்து பைப்பும் வைத்துவிடுங்கள். ஆக்சஸ் பாயிண்ட் மேற்கூரையிலிருந்து கீழ்நோக்கி நின்றால்தான் நன்றாகப் பரவும். கீழ்த்தளத்துக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. அதனால் ஹால் சுவரில் ஏழு, எட்டு அடி உயரத்தில் ஒரு பெட்டி வைத்து அங்கே மாட்டலாம், அல்லது ஃபால்ஸ் சீலிங் போடுவதாக இருந்தால் அதற்குள் கொண்டுபோகலாம். தம்பி சொல்லும் மெஷ் பற்றி இங்கேதான் பேச வேண்டும். மெஷ் கெட்டதல்ல. இரண்டு தளத்துக்கும் நடுவே கம்பி நிறைந்த காங்கிரீட் கிடக்கிறது, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைத் துளைத்துப் போகும்போது பெருமளவு வலுவிழக்கும். மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் அதே காற்றில்தான் என்பதால் மேல்மாடியில் வேகம் பாதியாகவோ அதற்குக் கீழேயோ போகும். அதே மெஷ் பெட்டியைப் பின்னால் கேபிளில் இணைத்துவிட்டால் இந்தக் குறை தீர்ந்துவிடும். ஆக, தம்பி சொல்வதையும் செய்யலாம், நான் சொல்வதையும் செய்யலாம், பைப் மட்டும் இருந்தால். எத்தனை ஆக்சஸ் பாயிண்ட் போதும் என்பது சுவரைப் பொறுத்த விஷயம். தளத்துக்கு ஒன்று என்பது இந்த அளவு வீட்டுக்குத் தொடக்கக் கணக்கு, குடிபோன பிறகு போனோடு நடந்து பார்த்துத்தான் இரண்டாவது வேண்டுமா என்று சொல்ல முடியும்.

கேபிள் இழுப்பது பூச்சு காய்ந்து, கடைசிக் கோட் பெயிண்டுக்கு முன். இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் தள்ளிக் கொடுக்க, ஒருவர் இழுக்க. இழுவிசை பதினொரு கிலோவைத் தாண்டக்கூடாது என்பது தர அளவு. கையால் சொல்வதானால், ஒரு கை இழுப்புக்கு வர மறுத்தால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். வழுக்கலுக்கு முகப்பவுடர் போதும், எண்ணெயும் கிரீஸும் தோலைக் கெடுக்கும். இழுப்பதற்கு முன்பே இரண்டு முனையிலும் எண் எழுதிவிடுங்கள், சுவருக்குள் போன பிறகு கேபிள்கள் ஒரே மாதிரிதான் இருக்கும்.

முனை மாட்டுவதில் ஒரு தவறு ஊர் முழுக்க நடக்கிறது, அதைக் கிட்ட வைத்துக் காட்ட வேண்டும். கேபிளின் தோலை உரித்தால் ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று நான்கு முறுக்கிய ஜோடிகள். சரியான வரிசை, டி568பி என்று சொல்வது, இப்படி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி பிரிந்து 3-க்கும் 6-க்கும் போகிறது பாருங்கள், நடுவில் நீலம் உட்கார்ந்திருக்கிறது. சிலர் இதைக் கண்டுகொள்ளாமல் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்துவிடுவார்கள். எட்டு விளக்கு எரியும் சின்ன டெஸ்டரில் 1 முதல் 8 வரை வரிசையாகப் பச்சை எரியும், எல்லாருக்கும் திருப்தி. ஆனால் 3-ம் 6-ம் ஒரு சிக்னலின் இரு கால்கள், அவை இப்போது வேறு வேறு ஜோடியில் போகின்றன. முறுக்கின் பயன் போய்விட்டது, ஒன்றின் சிக்னல் இன்னொன்றில் கசியும். இணைப்பு வரும், அறுந்து அறுந்து வரும், அல்லது 100 மெகாபிட்டிலேயே நிற்கும். பழி கடைசியில் இணைய நிறுவனத்தின் தலையில் விழும். வரிசையைக் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பதுதான் இதற்கு வழி, விளக்கு டெஸ்டர் இதைப் பிடிக்காது.

சுவர்ப் பெட்டியில் கேபிள் முனையில் நேரடியாகப் பிளக் அடித்துத் தொங்கவிட வேண்டாம். சுவருக்குள் போகும் கேபிளில் ஒற்றைக் கம்பி, அது அடிக்கடி அசைந்தால் ஒடியும். கீஸ்டோன் ஜாக்கில் (சுவர்த் தட்டில் பொருந்தும் சாக்கெட்) கம்பிகளை அழுத்திப் பதித்துத் தட்டில் மாட்டுங்கள், ரேக் பக்கம் 24 போர்ட் பேட்ச் பேனலில் (வரிசையாகச் சாக்கெட்டுகள் உள்ள பட்டை) முடியுங்கள். அங்கிருந்து கருவிக்கு, இரு முனையிலும் பிளக்கோடு கடையில் வாங்கிய பேட்ச் கார்டு. ஜாக்கில் வைக்கும்போது முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்காதீர்கள், அதாவது அரை அங்குலம். கேட்-6-க்கு நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் குறுக்குத் தண்டைத் தோல் விளிம்போடு நறுக்கிவிடுங்கள். கட்டுகளுக்கு பிளாஸ்டிக் டை வேண்டாம், இறுக்கினால் கேபிள் நசுங்கும். வெல்க்ரோ நாடா போதும். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு பாயிண்டிலும் லேப்டாப்பை மாட்டி, இணைப்பு வேகம் 1,000 என்று காட்டுகிறதா பாருங்கள். 100 என்று காட்டினால் நான்கு ஜோடியில் ஏதோ ஒன்று தொடவில்லை என்றே முதலில் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் 100-க்கு இரண்டு ஜோடி போதும், 1,000-க்கு நான்கும் வேண்டும். ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருளை இரண்டு கம்ப்யூட்டரில் ஓட்டினால் 940 மெகாபிட் அளவில் வர வேண்டும். ஆட்கள் கூலி வாங்கிப் போகும் முன் இந்தச் சோதனை நடக்கட்டும்.

கேமரா லைன்கள் வெளியே போவதால் அவற்றுக்குத் தனிக் கவனம். வெயில் படும் இடத்தில் உள்வீட்டுச் சாம்பல் கேபிள் தோல் வெடித்துவிடும். கறுப்பு பாலிஎத்திலீன் தோல் உள்ள வெளிப்புறக் கேபிள் போடுங்கள். கேமராவின் வால் இணைப்பு சுவருக்கு வெளியே தொங்கவே கூடாது, ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். இந்தக் கேபிளில் 48 வோல்ட் அளவு டி.சி. கரண்டு போகிறது; உப்புக் காற்றோடு ஒரு துளி ஈரம் சேர்ந்தால் பிளக்கின் பின்கள் பச்சைக் களிம்பு பிடித்து அரிக்கும். குளச்சல், முட்டம், ராஜாக்கமங்கலம் பக்கத்து வீடுகளில் கேமரா "செத்துப்போச்சு" என்றால் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது இந்தப் பிளக்கைத்தான், பலமுறை கேமரா நன்றாகவே இருக்கும். கேமராவோடு வரும் ரப்பர் உறையைத் தூக்கிப் போடாமல் மாட்டுங்கள், கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பைப் முனைகளை பட்டி வைத்து அடையுங்கள். எறும்பும் பல்லியும் பைப் வழியாக வந்து ரேக்கில் குடியேறுவது நம் பக்கத்தில் புதிதல்ல.

அம்மா வீட்டுக்கு 40 மீட்டர் என்பது தூரக் கணக்கில் கேட்-6-க்குச் சாதாரணம். இருந்தாலும் அங்கே செம்புக் கேபிள் போடாதீர்கள், ஃபைபர் போடுங்கள். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி எர்த். ஏப்ரல், மே கோடை மழையிலும் அக்டோபர், நவம்பர் மழையிலும் நம் மாவட்டத்தில் இடி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பக்கத்துத் தென்னையில் மின்னல் இறங்கினால் இரண்டு எர்த்துக்கும் இடையே ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். நெட்வொர்க் போர்ட்டுக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் தாங்குவதற்கென்று சோதிக்கப்படுவது 1,500 வோல்ட்தான். கண்ணாடி இழையில் அந்தக் கரண்டு ஏறாது. 32 மி.மீ. எச்.டி.பி.இ. பைப்பை ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழத்தில், தென்னை, பலா மரங்களின் அடியை விட்டு விலக்கிப் புதைத்து, அதில் சிங்கிள் மோட் ஃபைபர் விடுங்கள். உள்ளே இரும்புக் கம்பி இல்லாத ரகம் என்று கேட்டு வாங்குங்கள், கம்பி இருந்தால் ஃபைபர் போட்டதன் நோக்கமே போய்விடும். முனை ஒட்டும் மெஷின் உள்ளூர் கேபிள் டிவிக்காரர்களிடம் இருக்கும். இரண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் பெட்டி) வேண்டும். ஒற்றை இழையில் ஓடும் ரகம் என்றால் ஒன்று 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அனுப்பி 1550-ல் வாங்கும், அதன் ஜோடி தலைகீழ். ஒரே மாதிரி இரண்டு வாங்கிவந்தால் விளக்கே எரியாது. ஓட்டு வீட்டுக்குள் சுவர் வெட்ட வேண்டியதில்லை; உத்தரத்தை ஒட்டிக் கேசிங் கேப்பிங் போட்டு நடு அறையில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வைத்தால் பெரும்பாலும் போதும். ஓடும் மரமும் வைஃபையை அதிகம் தடுக்காது, தடுப்பது கனமான வெட்டுக்கல் சுவர்தான்.

மின்னலைப் பற்றி ஒரு எல்லையைச் சொல்லியாக வேண்டும். மெயின் போர்டில் சர்ஜ் (திடீரென்று எகிறும் மின்னழுத்தம்) பாதுகாப்புக் கருவி, அளந்து பார்த்த நல்ல எர்த், வெளிக் கேமரா லைனுக்கு எர்த் இணைத்த சர்ஜ் தடுப்பான், இத்தனையும் ஆபத்தைக் குறைக்கும். நேராக வீட்டில் இறங்கும் இடியை இவை எதுவும் நிறுத்தாது. எர்த் சரியில்லாத வீட்டில் சர்ஜ் தடுப்பான் வாங்குவது காசைக் கரியாக்குவதுதான், ஆகவே உரிமம் உள்ள எலக்ட்ரீசியனை வைத்து எர்த்தை அளந்த பிறகு மற்றதை யோசியுங்கள்.

கரண்டு விஷயம்: நான்கு கேமராவுக்குத் தலா 7 வாட், இரண்டு ஆக்சஸ் பாயிண்டுக்குத் தலா 13 வாட் என்று வைத்தால் 54 வாட். பி.ஓ.இ. ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் அனுப்புவது) வாங்கும்போது போர்ட் எண்ணிக்கையோடு மொத்த வாட்டையும் பாருங்கள். உங்களுக்கு 65 வாட்டுக்குக் குறையாத 8 போர்ட் கிகாபிட் ஒன்று போதும், ரூம்களுக்கு பி.ஓ.இ. இல்லாத சாதாரண 16 போர்ட் ஒன்று. கரண்டு போகும்போதெல்லாம் ரூட்டர் அணைந்து எழுந்தால், இன்வெர்ட்டரின் பின்பக்கம் யு.பி.எஸ். என்று ஒரு நிலை இருக்கும், அதற்கு மாற்றிப் பாருங்கள். 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்த பிறகு மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படியொரு நாளில் கேமராவையும் டிவியையும் அணைத்துவிட்டு, ஃபைபர் மோடம், ரூட்டர் இரண்டை மட்டும் ஓட்டும்படி பிளக்குகளைப் பிரித்து வைத்திருந்தால் பேட்டரி நெடுநேரம் வரும்.

உங்கள் பிளானைப் பார்க்காமல் ரேக் எந்தச் சுவரில், எந்தப் பைப் எந்தப் பீமைச் சுற்றிப் போக வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. அதை இன்ஜினீயரும் எலக்ட்ரீசியனும் நீங்களும் சேர்ந்து, சுவரில் சாக்பீஸால் வரைந்து முடிவுசெய்யுங்கள். வெட்டிப் பைப் வைத்த பிறகு, கொத்தனார் பூசத் தொடங்கும் முந்தின நாள் சாயங்காலம், ஒவ்வொரு சுவரையும் தரையிலிருந்து டேப் பிடித்தபடி போட்டோ எடுத்து ரூம் பெயர் போட்டுச் சேமித்துவையுங்கள். நாளைக்கு ஏ.சி. மாட்டவோ அலமாரி அடிக்கவோ வருகிறவர் டிரில்லை எடுக்கும் முன் அந்தப் போட்டோவைக் காட்டலாம்.